அச்சுக்கு முன்னர் வாசித்தவர்கள்

காதல் கதை எழுதினால் யாழ்ப்பாணத்தில் முதலில் வருகிற கேள்வி "நல்லாயிருக்கோ" என்பதல்ல, "ஆர் ஆக்கள்" என்பதுதான். அது தெரிந்திருந்தும் என் குறுநாவலை அச்சுக்குக் கொடுக்க முன்னர் மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். எனக்கு விசர் பிடித்திருந்தது.

கதை இவ்வளவுதான். கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் ஒருவனும், அவன் ஏறும் பஸ்ஸில் வருகிற ஒருத்தியும். நூறு பக்கத்துக்கு ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், கதைப்பது குறைவு. அவன் இடக்கைக்காரன். சீற் காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டுதான் வருவான். எல்லாம் மானிப்பாயில் மருந்துக்கடையில் வேலைக்கு நின்றபடி நான் மினக்கெட்டுக் கட்டிய கற்பனை.

முதலில் பராசக்தி ரீச்சர். "தமிழ் நல்ல வடிவு பிள்ளை. ஆனா அவை எந்தப் பகுதி ஆக்கள் எண்டு நீர் எழுதேல்லையே." சாதியைத்தான் கேட்டார்.

அடுத்தது சுவிஸில் இருக்கும் என் அண்ணன். "பாதிப் புத்தகம் முடிஞ்சுது, இன்னும் கையைக்கூடப் பிடிக்கேல்லை. பெடியனுக்கு ஏதும் நோய் வருத்தமோ?"

என்னோடு கடையில் வேலை செய்யும் யோசப்பின் என்பவள் மட்டும் வாசித்து அழுதாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எடி துஷா, இது எங்கடை ஜெனிஸ் தானே? எப்ப துவங்கினது?"

ஜெனிஸ் என்ற பெயரை நான் கேட்டதே அன்றுதான். அவள் இருக்கும் குருநகரில் எஞ்சின் திருத்துகிறவனாம். இடக்கைக்காரனாம். பஸ் சீற்றில் இருக்கவே மாட்டானாம். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"கண்டறியாத கற்பனை. கற்பனை எண்டால் உப்பிடி வராது," என்றாள். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? எனக்கோ அவளுக்கு ஒன்று போடவேண்டும் போல இருந்தது.

அவள் அந்தப் பிரதியைத் தன் தெருவுக்குள் கொடுத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு கிழமைக்குள் ஜெனிஸின் மனைவி டிலக்ஷி கடைக்கு வந்து நின்றாள். மருந்து வாங்க வந்தவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"பருத்தித்துறையிலை அம்மா வீட்டை போக உடுப்பெல்லாம் அடுக்கி வைச்சிட்டு வந்திருக்கிறன். நீங்கள் இல்லையெண்டு சொன்னால் போகேல்லை. சொல்லுங்கோ அக்கா."

"சத்தியமா இல்லை தங்கச்சி. உங்கடை மனுசனை நான் கண்ணாலையும் கண்டதில்லை."

"அவரும் ஓம் எண்டுறாரில்லை, இல்லையெண்டுறாரில்லை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார். பேப்பரே வாசிக்காத மனுசன்."

இல்லாத ஒருவனை இல்லையென்று நான் எப்படிக் காட்டுவது? அவனுக்கென்ன மரணப் பத்திரமா இருக்கிறது? அந்த மனுசன் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் முடிகிற காரியம். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்குப் போன் அடியுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ," என்றேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

"தம்பி, நான் துஷாந்தினி, உந்தக் கதை எழுதின ஆள். உங்கடை மனுசி எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறா. உங்களுக்கு என்னைத் தெரியுமோ?"

"இல்லை அக்கா. தெரியாது."

டிலக்ஷி மேசையைப் பிடித்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. அந்த இடத்தில் நான் போனை நிறுத்தியிருக்கவேண்டும். என் வாய் சும்மா கிடக்குமா?

"பிறகேன் தம்பி அந்தப் பிள்ளையை இவ்வளவு நாளும் அழவிட்டனீங்கள்?" என்று அதட்டினேன்.



"உங்களைத்தான் அக்கா தெரியாது. கதையிலை வாற பொம்பிளையைத் தெரியும். அவ பாக்கிறமாதிரியே எழுதியிருக்கிறியள். டிலக்ஷிக்குப் பொய் சொல்ல மனம் வரேல்லை. அதுதான் கதைக்காமல் இருந்தனான்."

போனை அவளே நிறுத்தினாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவளைக் குழிக்குள் தள்ளிவிட்டேன்.

"அவ ஆர் அக்கா?"

"எனக்குத் தெரியாதம்மா. நான் யோசிச்சு எழுதினது."

இப்போது என்னை முழுதாக நம்பினாள். அதனால் இரண்டு பேருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

"என்னாலை பாதிக்கு மேலை வாசிக்கேலாமல் போச்சு. முடிவிலை அவன் என்ன செய்யிறான்?"

முடிவில் அவள் இறங்கும் தரிப்பிடத்தில் அவனும் இறங்கி, திரும்பிப் பாராமல் அவளோடு நடந்து போகிறான். அந்தப் பக்கத்தை எழுதிய அன்று பெருமையில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"இறங்கேல்லை. தன்ரை வீட்டை போறான்," என்றேன்.

டிலக்ஷி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அச்சுக்குப் போக முன்னர் முடிவை மாற்றுவது எனக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. ஜெனிஸ் வாசித்து முடித்த முடிவைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.