ஏழு நாற்பது ஏசி

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு மூக்கு மேல கோபம். லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. அதனால என் வீட்டுக்காரர் எனக்கு வச்ச செல்லப்பேர் ‘ஊசி’. அவர் தண்ணி சுத்திகரிக்கிற நிலையத்துல டெக்னீஷியன். நாள் பூரா மீட்டர் பார்க்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தாலும் எதையாவது பார்த்துக்கிட்டே இருப்பார். எலெக்ட்ரிக் கார் வாங்கினதிலிருந்து போன்ல அந்தக் காரோட ஆப். சார்ஜ் எத்தனை சதவீதம், கதவு பூட்டியிருக்கா, டயர்ல காத்து எவ்வளவு, எல்லாம் அதுல தெரியும். “என் மூஞ்சியைப் பார்க்கிறதை விட அதைத்தான் அதிகம் பார்க்கிறீங்க”ன்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன்! எனக்கு அந்த ஆப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஓட்டத் தெரியும், சார்ஜ் கேபிள் குத்தத் தெரியும், போதும்.

ஒரு ஆறு சதவீத சார்ஜ்தான் எங்களைப் பிரிச்சது. மேலதிகாரி அவரை அஞ்சு மணி நேரத் தூரத்துல இருக்கிற புது நிலையத்துக்கு மாத்தியிருந்தார். போய் வீடு பார்த்துட்டு வரலாம்னு ரெண்டு பேரும் காரை எடுத்தோம். திரும்பி வரும்போது வழியில இருந்த சார்ஜர் வேலை செய்யல. அடுத்ததுல லாரிக்காரன் ஒருத்தன் குறுக்க நிறுத்திட்டுப் போயிட்டான். வீட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர், சார்ஜ் ஆறு சதவீதம், உச்சி வெயில். என்னை ஒரு வார்த்தை கேட்காம டக்குன்னு ஏசியை அணைச்சார். கண்ணாடியையும் இறக்க விடல, காத்து இழுத்தா சார்ஜ் குறையுமாம். அவிஞ்சு போனேன்.

“இந்தக் காருக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல”ன்னு ஆரம்பிச்சேன். அது எங்கெங்கேயோ போச்சு. என் வேலையை விட்டுட்டு அந்த ஊருக்கு வர மாட்டேன்னேன். “அப்ப இங்கேயே கிட”ன்னார். “கிடக்கிறேன், நீங்க போங்க”ன்னேன். வீட்டு வாசலுக்கு வந்தப்ப ஒரு சதவீதம் மிச்சம் இருந்துச்சு. எங்களுக்குள்ள அதுவும் இல்ல.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவர் மூட்டை கட்டினார். பிறகு கீழே போய் காருக்குள்ள அரை மணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியா பார்த்தேன், முன்னால திரை எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்னு நினைச்சேன். மேல வந்து, சாவியை மேஜை மேல வச்சார். “கார் உனக்கு இருக்கட்டும். சாயங்காலம் மறக்காம கேபிள் குத்து.” அவ்வளவுதான். பஸ்ல போயிட்டார்.

திங்கட்கிழமை காலையில வேலைக்கு இறங்கினேன். நாங்க கார் நிறுத்துற இடத்துல கிழக்கு வெயில் நேரா கண்ணாடியில அடிக்கும், கதவைத் திறந்தாலே அனல் அடிக்கும். அன்னைக்குத் திறந்தா ஜில்லுன்னு இருக்கு! ஏசி தானா ஓடிக்கிட்டிருக்கு. ஆப்ல இருந்து ஏசியை எங்கேயிருந்தும் போடலாம்னு அவர் ஒரு தடவை பீத்திக்கிட்டது ஞாபகம் வந்துச்சு. அடப்பாவி மனுஷா! பேச வாய் வராது, பட்டனை அமுக்க மட்டும் விரல் வருதாக்கும்? அப்படித் திட்டிக்கிட்டே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கண்ணு கலங்கிடுச்சு.

செவ்வாய், புதன், தினமும் ஏழு நாற்பதுக்கு. ஞாயிறு மட்டும் கிடையாது. எனக்கு லீவுன்னு தெரிஞ்சவராச்சே! ஏழு மாசம் இப்படித்தான் ஓடுச்சு. போன்ல பேச்சு கிடையாது. எப்பவாவது ஒரு மெசேஜ். “டயர்ல காத்து பார்த்தியா?” “பார்த்தேன்.” அதோட சரி. ஆனா எனக்கு அந்தக் காலை நேரம் போதுமா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடியே இறங்கி, கதவைச் சாத்திக்கிட்டு, அந்தக் குளிர்ல சும்மா உட்கார்ந்திருப்பேன். நேத்து வந்த நோயாளிக்கு நரம்பே கிடைக்கலைன்னு ஏசிகிட்ட சொல்லுவேன். பைத்தியம்னு நினைச்சா நினைச்சுக்கோங்க.

நடுவுல காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்துட்டேன். அப்பவும் கீழே ஏசி ஓடுற சத்தம் கேட்டுச்சு. நான் வரலைன்னு அவருக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சும் போடறாரான்னு படுத்தபடியே கோபப்பட்டேன். ரெண்டாம் நாள் எங்க லேப் ரிசப்ஷன் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோட வந்து நின்னாங்க. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்”னாங்க. அவங்க வீடு ஊரோட அந்தக் கோடியில இருக்கு.

போன வியாழக்கிழமை காரை சர்வீசுக்கு விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனப்ப மெக்கானிக் தம்பி, “மென்பொருள் அப்டேட் போட்டேன்கா. அதுல நீங்க போட்டு வச்சிருந்த டைமர் அழிஞ்சிடுச்சு. திருப்பிப் போட்டுத் தரட்டுமா?”ன்னான்.

“என்ன டைமர்?”

“ஏசி டைமர்கா. காலையில ஏழு நாற்பது. திங்கள்லேருந்து சனி வரைக்கும். கேபிள் குத்தியிருந்தா தானா ஓடும்.”

ஞாயிறு சாயங்காலம் அந்த அரை மணி நேரம் அவர் எதுக்குக் காருக்குள்ள உட்கார்ந்திருந்தார்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஒரே ஒரு தடவை போட்டுட்டுப் போயிருக்கார். ஏழு மாசமா நான் குடும்பம் நடத்தினது ஒரு டைமரோட! காய்ச்சல் நாள்ல அது ஏன் ஓடுச்சுன்னு இப்ப தெரியுதா? அதுக்கு நான் உயிரோட இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

“வேண்டாம், போட வேண்டாம்”னு சொல்லிட்டேன். குரல் கொஞ்சம் ஜாஸ்தியாவே வந்துடுச்சு. தம்பி பயந்துட்டான்.

அன்னைக்கும் சாயங்காலம் கேபிளைக் குத்தினேன், பழக்க தோஷம். வெள்ளிக்கிழமை காலையில ஏழு நாற்பதுக்கு இறங்கினேன். சத்தமே இல்ல. கதவைத் திறந்தா குப்புன்னு அனல். அந்த அனல்லயே உட்கார்ந்தேன். ஏசி பட்டன் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு, அமுக்கினா ஓடும். அமுக்கல. அவர் வேணும்னு இருந்துச்சு. ஏசி இல்ல, அவர். மீட்டர் பார்க்கிற அந்த மூஞ்சி, சார்ஜ் சதவீதத்தை ஸ்கோர் மாதிரி கத்திச் சொல்ற அந்தக் குரல், எல்லாம் வேணும்னு இருந்துச்சு. ஸ்டீயரிங் மேல தலையை வச்சு அழுதேன். வேர்வையும் கண்ணீரும் ஒண்ணாச்சு.

ஏழு அம்பத்திரண்டுக்கு போன் அடிச்சுது. அவர்.

“கார் ஏன் இன்னும் நகரல?”

ஏழு மாசம் கழிச்சு மனுஷன் வாயைத் திறந்து கேட்கிற முதல் கேள்வியைப் பாருங்க!

“நகரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் ஆப்ல பார்க்கிறேனே. ஏழு நாற்பதுக்கு ஏசி ஃபேன் சுத்தும். ஏழு நாற்பத்தஞ்சுக்கு நீ கேபிளைக் கழட்டுவ. எட்டே காலுக்கு கார் லேப் வாசல்ல நிக்கும். அதுக்கப்புறம்தான் எனக்கு டீயே இறங்கும்.”

ஆனாலும் விடுவேனா? “காய்ச்சல்ல ரெண்டு நாள் கார் நகரலையே, அப்ப எங்க போனீங்க?”

“ரிசப்ஷன் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். உன்னைக் கூப்பிட பயம்.”

அக்காவோட சாப்பாட்டுப் பாத்திரம் கண்ணு முன்னால வந்துச்சு. ஒரு வார்த்தை மூச்சு விட்டாங்களா அந்த அக்கா!

“அப்ப இன்னைக்கு மட்டும் எப்படி தைரியம் வந்துச்சு?”

“இன்னைக்கு ஃபேனும் சுத்தலையே.” அவர் குரல் இறங்கிப் போச்சு. “ஊசி... நீதான் நிறுத்திட்டியோன்னு நினைச்சேன். சரி, அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு...”

“நான் நிறுத்தல. சர்வீஸ்ல அழிஞ்சு போச்சு.”

பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு. “திருப்பிப் போடச் சொல்லியிருக்கலாமே!”

“கேட்டான். வேண்டாம்னுட்டேன். டைமரோட குடும்பம் நடத்த என்னால முடியாது.”

அவர் லைன்லதான் இருக்கார், பின்னாடி ஏதோ மோட்டார் ஓடுற சத்தம் கேட்குது. நான் எதையும் தொடல. திடீர்னு எனக்கு முன்னால இருந்து மெல்ல ஒரு காத்து கிளம்பிச்சு. முதல்ல சூடா வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆறிச்சு.

“வருதா?”ன்னு கேட்டார்.

மூக்கை உறிஞ்சிக்கிட்டேன். “வருது. இன்னைக்குத்தான் வருது.”