ஒட்டுக்கு மேலே மண்

வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆனால் அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவனில்லை. மின்சாமான் கடையில் ஒயரும் ஸ்விட்சும் விற்கிறவன். நான்கு வருஷத்துக்கு முன்னால், அடர் நடவு ஆப்பிள் தோட்டம் போடுவது எப்படி என்று ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனான். ஆறாம் நாளிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். பல்பு வாங்க வந்தவர்கூட, குட்டை மரத்துக்கு ஏன் கம்பமும் கம்பியும் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடையை விட்டு இறங்க முடிந்தது. அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பட்டப்பெயர் வராமல் வேறென்ன வரும்.

அவன் பாடத்தில் ஒரு பகுதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒட்டுக்கன்றில் வேர் குட்டை ரகத்துடையது, மேல்பாகம் நல்ல பழம் தரும் ரகத்துடையது. இரண்டும் சேருகிற இடத்தில் முழங்கை மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சு எப்போதும் மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். அதன்மேல் மண் ஏறிவிட்டால் மேல்ரகம் தானே சொந்தமாக வேர் விட்டுக்கொள்ளும். அப்புறம் மரம் குட்டை என்பதை மறந்துவிடும். கண்டபடி வளரும், காய்க்காது. ஊர் ஆப்பிள் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் இதைப் படம் போட்டே விளக்கினான். அதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா அவனைவிடப் பதினொரு வயது பெரியவள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்தவள். அத்தான் போன பிறகு அவர் வைத்த முப்பத்திரண்டு பெரிய ஆப்பிள் மரங்கள்தான் அவளுக்குத் துணை. அவற்றை எடுத்துவிட்டு அறுநூறு குட்டைக் கன்றுகளை வரிசையாக வைக்கலாம், மூன்றாம் வருஷமே பழம் பறிக்கலாம் என்று இவன் சொன்னான். அவள் மறுபேச்சுப் பேசாமல் மரங்களை வெட்ட ஆள் வரச் சொன்னாள். வெட்டுகிற அன்று மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

கன்று வந்தது. நட்டார்கள். முடிச்சு மண்ணுக்கு மேலே நான்கு விரல். ஒவ்வொன்றையும் இவனே விரல் வைத்துப் பார்த்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. குட்டை ரகத்துக்கு வேர்ப்பிடிப்பு கிடையாது, கம்பம் நட்டுக் கம்பி இழுத்து அதில் கட்டிவைத்தால்தான் நிற்கும். அந்தக் கம்பத்துக்குத்தான் இவன் ஆர்டர் கொடுக்க மறந்துபோனான். ஊருக்கு உபதேசம் செய்யவே நேரம் போதவில்லை, ஆர்டர் எங்கே கொடுப்பது. நினைவு வந்து ஓடினால், "ஆறு வாரம் ஆகும்" என்று கம்பக்காரன் கையை விரித்துவிட்டான். அக்காவிடம், கம்பக்காரன் இழுத்தடிக்கிறான் என்று சொல்லிவைத்தான். அதற்குள் காற்றடிக்கத் தொடங்கியது. இலைவிட்ட கன்றுகள் குடித்தவன் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தோட்டம் பார்க்க வருவதாக இருந்தாள். சனிக்கிழமை இரண்டு கூலியாட்களை வைத்து ஒவ்வொரு கன்றையும் நிமிர்த்தி, விழாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணை அணைத்தான். முடிச்சு உள்ளே போய்விட்டது. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கம்பம் வந்ததும் மண்ணை எடுத்துவிடலாம், ஆறு வாரத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நினைத்துக்கொண்டான். ஞாயிறன்று அக்கா வந்து பார்த்து, "பட்டாளம் நிக்கிற மாதிரி நிக்குதுடா" என்றாள்.

கம்பம் வந்தது. நட்டு, நான்கு கம்பி இழுத்து, கன்றுகளைக் கட்டி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்தது. அணைத்த மண்ணில் புல் முளைத்து, தரை பார்க்க ஒரே மட்டமாக அழகாக இருந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்றான். அந்த நாளை வரவேயில்லை.

இரண்டாம் கோடையில் மரங்கள் மேல்கம்பியைத் தாண்டின. கிளைகள் கை மொத்தம் ஆகின, இலை மண்டியது. பூ பேருக்குக்கூட இல்லை. ஒருநாள் மத்தியானம் அக்கா இல்லாத நேரம் பார்த்து ஒரு மரத்தடியில் கையால் மண்ணைத் தோண்டினான். முடிச்சு தட்டுப்படுவதற்கு முன்பே வெள்ளை வேர்கள் விரலில் சிக்கின. அவனுக்குக் காது மடல்வரை சுட்டது. யாரும் இல்லைதான், ஆனாலும் சுற்றிப் பார்த்தான். பிறகு பூனை மூடுவது மாதிரி அவசரமாக மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அன்றே சொல்லியிருந்தால் தவறு என்ற அளவோடு போயிருக்கும்.

மூன்றாம் வருஷமும் பழம் இல்லை என்றானதும் அக்கா, "கன்னு குடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம்" என்றாள். கன்று கொடுத்தவர் ஊர்க்கோடியில் சின்னதாக நர்சரி வைத்திருப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர், கன்றை மடியில் போட்டு ஒட்டுக்கட்டுகிறவர். அவர் வந்த அன்று, கடையில் சரக்கு வருகிறது என்று சொல்லி இவன் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் அக்கா கொதித்துப்போய் இருந்தாள்.

"ரகத்தை மாத்திக் குடுத்துட்டு, கன்னு சரியாத்தான் குடுத்தேன்னு சாதிக்கிறார். கேட்டா வேற ஒரு கதை சொல்றார்."

"என்ன கதை?"

"அதை விடு. கேக்க நல்லா இல்ல."

அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அந்த மாதக் கூட்டத்தில் அக்கா எழுந்து, நாலு பேர் முன்னால் நர்சரிக்காரரைத் திருடன் என்றாள். "அறுநூறு கன்னு, அறுநூறும் காட்டு மரம். என் வீட்டுக்காரர் வச்ச மரத்தையெல்லாம் வெட்டிட்டு இந்தத் திருடன்கிட்டப் போய் வாங்கினேன்" என்றாள். குரல் உடைந்தது. பக்கத்து நாற்காலியில் இவன் திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தான். அவள் குரல் உடைந்ததுகூட அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. எதிரே இருந்த நர்சரிக்காரர் தன்னைப் பார்த்துவிடுவாரோ என்பதுதான் பயமாக இருந்தது. "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று தலைவர் கேட்டதற்கு நர்சரிக்காரர், "சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேச்சு பரவ எவ்வளவு நேரமாகும். முன்பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். ஐந்து மாதத்தில் நர்சரியில் விற்காத கன்றுகள் சாக்குச் சுற்றியபடி வேலியோரம் குவிந்தன. கடைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். இவன் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டான். ஒருநாள் நர்சரிக்காரரின் மனைவி இவன் கடைக்கே வந்துவிட்டாள். மோட்டாருக்கு ஃப்யூஸ் கேட்டாள். எடுத்துக் கொடுத்தான். "தோட்டம் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவள் போன பிறகு பின்னறையில் போய்க் காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டான். மனுஷனாகப் பிறந்து இப்படி ஒரு பிழைப்பா என்று இருந்தது.

அடுத்த கூட்டத்தில், சங்கம் பரிந்துரைக்கும் நர்சரிகளின் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்று சேதி வந்தது. அந்தப் பெயர் போனால் அவர் நர்சரியை இழுத்து மூட வேண்டியதுதான். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வாத்தியார் கூட்டத்துக்குப் போனான். எழுந்தும் நின்றான். முப்பது முகங்கள் அவனைப் பார்த்தன. முன்வரிசையில் அக்கா. மூன்றாம் வரிசையில் நர்சரிக்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "எல்லாத் தப்பும் அவர் மேலன்னு சொல்லிட முடியாது. தப்பு... எங்க பக்கமும் இருந்திருக்கலாம். நடறப்ப, மண்ணு விஷயத்துல. யாருக்கும் தப்பு வர்றதுதான். அதனால பெயரை எடுக்க வேணாம்னு கேட்டுக்கறேன்."

அத்தோடு உட்கார்ந்துவிட்டான். முதலில் தலைவர்தான் கைதட்டினார். "நஷ்டப்பட்டவரே இப்படிப் பேசறார் பாருங்க. இதுதான் பெருந்தன்மை. படிச்சவர் படிச்சவர்தான்." எல்லோரும் தட்டினார்கள். வாத்தியார் கேட்டுக்கொண்டதற்காக, பெயரை அடியோடு எடுக்காமல் ஒரு வருஷம் மட்டும் நிறுத்திவைப்பது என்று முடிவானது. அந்தக் கைதட்டலில், ஒரே ஒரு நிமிஷம், அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அவன் சாகும்வரை மறக்க மாட்டான். நர்சரிக்காரர் கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வீடு திரும்புகிற வழியில் அக்கா அவன் தோளைத் தட்டினாள். "உன் மனசு எனக்கு வராதுடா. நீயே மன்னிச்சுட்டே, நான் மட்டும் எதுக்கு வச்சுக்கணும்? இந்த மரத்தையெல்லாம் பிடுங்கிட்டு, அந்த ஒரு வருஷம் முடிஞ்சதும் அவர்கிட்டயே வாங்கலாம். இந்த வாட்டி ஒழுங்கான ரகமாக் குடுக்கறாரான்னு நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ."

இன்னும் வெயில் இருந்தது. தோட்டத்து வாசலுக்கு வந்திருந்தார்கள். அவனுக்கு மேற்கொண்டு நடக்க முடியவில்லை.

"அக்கா, உள்ள வா," என்றான்.

முதல் வரிசை முதல் மரத்தடியில் மண்டியிட்டுத் தோண்டினான். அவள் ஒன்றும் புரியாமல் சேலை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெள்ளை வேர்கள் வெளியே வந்தன. இப்போது விரல் மொத்தம் ஆகியிருந்தன. இன்னும் தோண்டினான். ஒரு சாணுக்குக் கீழே முடிச்சு தெரிந்தது.

"இந்த வேர் எதோடது?" என்று அக்கா கேட்டாள். பாடம் கேட்டவள்தானே, அவளுக்கே தெரியும்.

"மேல் ரகத்தோடது."

"மண்ணு யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன். கம்பம் வர்றதுக்குள்ள சாஞ்சுதுன்னு. அப்புறம் எடுக்கல. கம்பத்துக்குச் சொல்ல மறந்ததும் நான்தான்."

"எத்தனை மரத்துக்கு?"

"எல்லாத்துக்கும்."

அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சேலையை உதறிக்கொண்டு, "வா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஊர்க்கோடிப் பக்கம் திரும்பினாள். அறுபதை நெருங்குகிறவள் பின்னால் அவன் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

நர்சரிக்காரர் வாசலில் சாக்கை விரித்து, கன்றுகளின் காய்ந்த வேர்நுனிகளை நறுக்கிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். அக்கா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். இவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி," என்றாள் அக்கா. "ஒட்டு மேல மண்ணு ஏறியிருக்கு, உங்க தம்பியைக் கேளுங்கன்னு சொன்னீங்க. என் தம்பி அப்படிச் செய்யவே மாட்டான், தோண்டிப் பாக்கவும் வேண்டாம்னு சொல்லி உங்களை விரட்டினேன். அவன்தான் செஞ்சிருக்கான்."

வேற கதை என்று அவள் அன்று சொன்னது இதுதான். உண்மை ஐந்து மாதமாக அவள் கையிலேயே இருந்திருக்கிறது. இவனை நம்பியதால் அதைப் பொய் என்று எறிந்திருக்கிறாள். தம்பியின் பெயரை இழுத்தார் என்ற கோபத்தில்தான் ஒரு நல்ல மனிதரை ஊர் முன்னால் திருடன் ஆக்கியிருக்கிறாள். அவனுக்குக் கேட்டின் கம்பிக்குப் பின்னால் எங்காவது மறைந்துகொள்ள முடிந்தால் தேவலை போல இருந்தது. அந்தக் கம்பிகள் விரல் மொத்தம்தான்.

நர்சரிக்காரர் அவன் பக்கம் பார்க்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சதுதானேம்மா. அதை என் வாசல்ல வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க என்னைத் திருடன்னு சொன்னது சங்கத்துல."

"சங்கத்துலயே சொல்லுவான். அடுத்த கூட்டத்துல, எல்லாரும் இருக்கறப்ப."

சொல்லிவிட்டு அக்கா திரும்பினாள். "சொல்லுவியாடா?"

நாற்பது வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் இந்தக் குரலில் கேட்டதில்லை.

"சொல்றேன்க்கா," என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பது அந்தக் கண்ணில் நன்றாகத் தெரிந்தது. பிறகு நர்சரிக்காரர் பக்கம் திரும்பி, "அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் நானும் பக்கத்துல நிக்கறேன்," என்றாள்.