அந்த வார்த்தையை அவனே சொன்னான்

கிளீட்டஸுக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். ‘ப’ வரிசையில் ஒரு சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். லூபோக் சீனா என்ற ஊரில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டிக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து, வேலையிடப் பாதுகாப்புக்கான சான்றிதழ் வாங்கியிருந்தான். மலாக்காவில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு அவனைப் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. ஃபோர்க்லிப்ட் ஆட்கள்மீது மோதாமல் தடுப்பது எப்படி என்று ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும்.

ரெம்பியாவிலிருந்த தன் வீட்டில் லேப்டாப்பை டிவியோடு இணைத்து, மனைவி ஜோனிட்டாவிடம் பேசிக் காட்டினான். ஓரிடத்திலும் திக்கவில்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

“அந்த இடத்துல கண்ணாடி வைக்கணும்னு சொல்றீங்க. எந்த இடம்?”

“மூலை. எதுக்க வர்றவன் தெரியாத மூலை.”

“அதுக்கு பிளைண்ட் கார்னர்னு பேரு இருக்குல்ல? ஏன் சொல்லல?”

பிளைண்ட் கார்னர், பாதசாரியைக் குறிக்கும் பெடஸ்ட்ரியன், தடுப்பைக் குறிக்கும் பேரியர் என்று மாட்டிக்கொள்ளக்கூடிய சொற்களை எல்லாம் கிளீட்டஸ் ஸ்லைடிலிருந்து தூக்கியிருந்தான்.

“திக்குனா என்ன நினைப்பாங்க?” என்றான்.

“திக்குதுன்னு நினைப்பாங்க. இப்படிப் பேசினா வேலையே தெரியாதுன்னு நினைப்பாங்க லா.”

அவனுக்குச் சுருக்கென்றது. எழுந்து வெளியே போய்க் காரைக் கழுவினான். திரும்பி வந்து எல்லாச் சொற்களையும் ஸ்லைடில் மறுபடி சேர்த்தான்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மனிதவளத் துறைத் தலைவி வதனா. “எனக்குத் திக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளீட்டஸ் தொடங்கினான். இரண்டாவது ஸ்லைடிலேயே ‘பெடஸ்ட்ரியன்’ மாட்டிக்கொண்டது. உதடு பிரியவில்லை. ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது.

“பெடஸ்ட்ரியன்” என்று வதனா மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

அவன் வேண்டாம் என்பதுபோலக் கையை லேசாக உயர்த்தினான். மூச்சை விட்டு இழுத்து, அந்தச் சொல்லைத் தானே சொன்னான். வதனா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதன்பின் பலமுறை திக்கியது. யாரும் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. நேரம் முடிந்தும் ஸ்லைடுகள் மிச்சமிருந்தன. “முடிச்சிட்டே போங்க” என்றார் வதனா.

காருக்கு வந்ததும் ஜோனிட்டாவை அழைத்தான்.

“எப்படிப் போச்சு?”

“நல்லா திக்கினேன். ஆனா ஒரு வார்த்தையும் விடல.”

அடுத்த வாரம் வதனாவே அழைத்தார். “வேலை உங்களுக்குத்தான் மிஸ்டர் கிளீட்டஸ். ஒரு விஷயம், தினமும் காலையில ஷிப்ட் தொடங்க முன்னம் ஆளுங்ககிட்ட பாதுகாப்பு பத்திப் பேசணும். முடியும்தானே?”

வரிசையாக நிற்கும் முகங்களை அவன் ஒருமுறை நினைத்துப் பார்த்தான்.

“முடியும் மேடம்” என்றான். “ஆனா நான் பேசி முடிக்க நேரமாகும், கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கணும்.”

“ஆரம்பிச்சிடலாம்” என்றார் வதனா.