கரண்டுக்கு கர்தி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மேல்மாடியில் இருக்கும் கோகிலவாணி பல்கலைக்கழக ஆய்வாளர். தாராவித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு டேப்லட் (பிள்ளைகள் வாயில் 'டேப்பு') கொடுத்து மின்சாரப் பாடம் நடத்துகிறாள். பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. அந்தத் தேர்வைத் தமிழில் எழுதிக்கொடுத்தவன் நான்.

2

முதல் தொடக்கம்: "தாராவியின் குறுகிய சந்துகளில் அறிவொளி..." (வேண்டாம். சந்து குறுகல்தான், அதற்காக?)

இரண்டாம் தொடக்கம்: "பின்தேர்வில் முப்பத்திரண்டு பேரும் ஒரே மாதிரித் தவறினார்கள்." இது இருக்கட்டும், உண்மை. முன்தேர்வில் குத்துமதிப்பாக எழுதி வாங்கியதைவிட இப்போது குறைவு. டேப்லட் வந்து பிள்ளைகள் மக்காகிவிட்டார்கள் என்று ஆய்வு முடியும். வெள்ளிக்கிழமை டேப்லட் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

3

"அங்கிள், ஏழாம் கேள்வியப் படிங்க" என்று தாளை நீட்டினாள் கோகிலவாணி.

மின்தடை கூடினால் பல்பு என்ன ஆகும்? காரணம் கூறுக.

ஜான்சி என்ற மாணவி எழுதியிருந்தாள்: "அணஞ்சிரும். கரண்டே இல்லல்லா. டேப்பு மட்டும் எரியும், சார்ஜ் இருக்க வரைக்கும்."

"எல்லாரும் இவளப் பாத்து எழுதிட்டாங்களா?"

"இல்ல அங்கிள். இவ போன வருஷம்தான் நாங்குநேரிலேர்ந்து வந்தா. 'எங்கூர்ப் பேப்பருல போடுவாவல்லா மிஸ், நாளைக்கு மின்தடைன்னு. மத்தவங்களுக்கு அர்த்தம் தெரியல, மொதப் பரீட்ச முடிஞ்சதும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்'னு பெருமையா சொல்றா!"

பாடப்புத்தகத்தில் மின்தடை என்பது கம்பிக்குள் கரண்டைத் தடுப்பது. பேப்பரில் மின்தடை என்றால் கரண்டு போவது. டேப்லட் பாடத்தில் முதலாவதற்கு 'ரெசிஸ்டன்ஸ்' என்றே பெயர். சுத்தத் தமிழில்தான் எழுதுவேன் என்று அடம் பிடித்தவன் நான். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை.

4

(வகுப்பாசிரியர் சங்கரநாராயணன் கோபத்தில் குதித்ததாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். கதைக்கு வில்லன் வேண்டுமே என்ற ஆசை. மனிதர் மூக்குக்கண்ணாடி நழுவும்வரை சிரித்தார்.)

மறுநாள் நானும் வகுப்புக்குப் போனேன். டேப்லட்டில் ரெசிஸ்டன்ஸ் பட்டையை ஜான்சி விரலால் மேலே தள்ளினாள். திரையில் பல்பு மங்கியது.

"இதுக்கு நீங்களே ஒரு பேர் வைங்க" என்றாள் கோகிலவாணி.

"கரண்டு போவுது மிஸ். ஆனா நவுந்து நவுந்து போவுது. காலையில சயான் ரயில் டேசன் பாலத்துல நாம போவோம்லா, அதுமாரி" என்றாள் ஜான்சி.

கடைசி பெஞ்சிலிருந்து நகுல் கத்தினான்: "கர்தி!"

வகுப்பே எழுந்து நின்று கத்தியது. கரண்டுக்கு கர்தி! கரண்டுக்கு கர்தி!

(அடிக்குறிப்பு: கர்தி என்றால் கூட்ட நெரிசல். மராத்தியிலிருந்து வந்த சொல். பம்பாய்த் தமிழனுக்கு விளக்கத் தேவையில்லை.)

5

பல்கலைக்கழகம் ஒரு மறுதேர்வுக்குச் சம்மதித்தது. புதுக் கேள்விகள் எழுதினேன், மின்தடை வரவேண்டிய இடமெல்லாம் கர்தி போட்டேன். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. வெள்ளிக்கிழமை தேர்வு. முப்பத்திரண்டில் இருபத்தொன்பது பேர் சரி. டேப்லட் வகுப்பிலேயே இருக்கிறது. கோகிலவாணி ரெண்டு ரெண்டு படியாக இறங்கி வந்து சொன்னாள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

முடிவு அ: கர்தி அறிவியல் அகராதியில் ஏறுகிறது. (ஆசைதான்.)

முடிவு ஆ: ஜான்சி பெரிய விஞ்ஞானியாகி... (அவளுக்குப் பதின்மூன்று வயது. விடுங்கள்.)

அவளுடைய பழைய தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏழாம் கேள்விக்குச் சிவப்பில் ஒரு பூஜ்யம். நாங்குநேரியில் மின்தடை வந்தால் பல்பு அணையும். டேப்பு எரியும், சார்ஜ் இருக்கிற வரைக்கும். இதில் எந்த வார்த்தை தப்பு என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். என்னுடையது ஒன்றைத் தவிர வேறு கிடைக்கவில்லை.

பூஜ்யத்தை அழித்துவிட்டேன். திருத்தும் தகுதி எனக்கில்லை, பேனாவை நீங்கள் பிடியுங்கள்.

கேள்வி 7. ஜான்சி, எட்டாம் வகுப்பு. மதிப்பெண்: [      ] / 5