ஒன்பதாம் எண் வாசல்

மன்னூபியா ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் சங்க அலுவலகத்துக்குப் போனாள். டூனிஸ் பழைய நகரத்தின் கட்டடங்களைப் பேணுகிற சங்கம் அது. சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவளைச் சித்தி முறை வைத்து 'கால்த்தி' என்று கூப்பிடுகிற செயலாளர் சிஹெம் எழுந்து வந்து புது மடிப்புத்தாளை அவள் கையில் வைத்தாள்.

"பாருங்க கால்த்தி, காலைலதான் அச்சகத்துலேர்ந்து வந்துச்சு. எட்டோட முடிச்சாச்சு, ஒன்பதாம் நம்பர் கிடையாது. இனிமே ஒரு பய உங்க கதவைத் தட்டமாட்டான்."

"ஆறு வருஷமாக் கத்துறேன். இப்பத்தான் காது கேட்டுச்சாக்கும்."

"பழசு தீர்ந்தாத்தானே புதுசு அடிக்க முடியும்? நீங்க வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கல்ல, அதோட எடுத்துட்டோம்."

வழிகாட்டியின் தொணதொணப்பு இல்லாமல் தாங்களாகவே நடந்து ஊர் பார்க்கிறவர்களுக்கான தாள் அது. எழுதியவன் அவளுடைய ஒரே மகன் வஜ்தி. கடல் வாசலில் தொடங்கி எட்டு இடங்கள் வரை ஒழுங்காகத்தான் எழுதினான். ஒன்பதாவதாக, நாய்கூட எட்டிப் பார்க்காத சந்திலிருக்கும் தன் வீட்டுக் கதவையே போட்டுவிட்டான்.

அந்தக் கதவில் மூன்று இரும்பு வளையங்கள். இடப்பக்கம் ஆண்கள் தட்ட, வலப்பக்கம் பெண்கள் தட்ட, கீழே சின்னது பிள்ளைகள் தட்ட. சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார், தலைக்குத் துணி போட வேண்டுமா என்று உள்ளே தெரிந்துவிடும். மீசை வைத்த பிறகும் வஜ்தி குனிந்து சின்ன வளையத்தைத்தான் தட்டுவான். "எருமை மாதிரி வளந்தும் இன்னும் சின்னப்புள்ளைன்னு நெனப்பு" என்று திட்டிக்கொண்டே திறப்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஸ்ஃபாக்ஸ் கரையில் இத்தாலிக்கு என்று படகேறினான். படகு சேர்ந்ததாகவும் சேதியில்லை, முழுகியதாகவும் சேதியில்லை. அதற்கப்புறம்தான் சின்ன வளையம் தட்டப்படத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடுவாள். திறந்தால் வெயிலில் சிவந்த மூக்கோடு எவனாவது ஒரு வெள்ளைக்காரன் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பெற்ற வயிறு எத்தனை தடவைதான் தாங்கும்? அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே படம் பிடித்துக்கொண்டு போவான்.

சிஹெம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தாள். "இது ஒண்ணுதான் மிச்சம். அவன் எழுதினது. வச்சுக்கங்க."

"எனக்கெதுக்கு?"

"நீங்க படிச்சதே இல்லையா?"

மன்னூபியா தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு அச்சான முதல் தாளை வஜ்திதான் ஓடிவந்து கொடுத்தான். "உம்மா, ஒருநாள் என்கூட நடந்து வாங்க. ரெண்டு மணி நேரம்தான்." அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பொறந்து வளந்த ஊரைப் பாக்க எனக்குப் பேப்பர் வேணுமா? சம்பளம் குடுக்குற வேலையாப் பாரு போ." சொல்லிவிட்டு அடுப்பிலிருந்து இறக்கிய குஸ்குஸ் பானையை அந்தத் தாளின் மேலேயே வைத்தாள். அவளை மட்டும் சொல்லி என்ன? பழைய நகரத்தில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அந்தத் திமிர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்தத் தாளோடு நடந்ததில்லை.

அலுவலகத்துக்கு எதிரே கடல் வாசல். எப்படியும் வீட்டுக்குப் போகிற வழிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளைப் பிரித்தாள்.

'பெயரில்தான் கடல், இங்கிருந்து தெரியாது. நிழல் வலப்பக்கச் சுவரோரம் இருக்கும். அங்கே நில்லுங்கள்' என்றிருந்தது. நின்றாள். ஜைத்தூனா பள்ளிவாசலில், 'தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து வந்தவை. முழங்கால் வலி உள்ளவர்கள் படியேற வேண்டாம். கீழ்ப்படியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாலே போதும்.' உட்கார்ந்தாள். அறுபது வருஷமாக அந்த வழியில் போகிறாள், நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

சிவப்புத் தொப்பிக் கடைத்தெருவில், 'ஆரஞ்சுப்பூ நீர் விட்ட காபி கேளுங்கள். சர்க்கரை வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.' அவளுக்குச் சர்க்கரை வியாதி. தாளில் வேறு யாருக்கு இதை எழுதுவார்கள்? சர்க்கரையில்லாமல் ஒரு காபி கேட்டு உட்கார்ந்தாள்.

தொப்பிக்காரர் பஷீர் கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "என்ன மன்னூபியா, கையில பேப்பரு? எப்ப வெளிநாட்டுக்காரி ஆன? தொப்பி வெல உனக்கு ரெண்டு மடங்கு."

"வாய மூடிக்கிட்டுத் தொப்பியத் தேய்யும்."

பஷீர் சிரித்தார். அப்புறம் தாளைப் பார்த்துவிட்டு அவர் குரல் இறங்கியது. "உன் மகன் இதை எழுதுறப்ப ஒரு வாரம் இந்தத் தெருவுல நடந்துக்கிட்டே கெடந்தான். காலை இழுத்து இழுத்து, கெழவி மாதிரி. என்னடா கூத்துன்னு கேட்டேன். 'எங்கம்மா நடையில எத்தன நேரம் ஆகும், எங்க எங்க உக்காரணும்னு பாக்குறேன்'னான்."

மன்னூபியா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மிச்ச இடங்களை அவள் பார்த்தாளோ என்னவோ, உட்காரச் சொன்ன இடத்திலெல்லாம் உட்கார்ந்தாள். எட்டாவது, ராஜாக்களைப் புதைத்த, பச்சை ஓடு வேய்ந்த கல்லறை மாடம். அதன் வாசல் கல்லில் உட்கார்ந்து ஒன்பதாவதைப் படித்தாள்.

'இது சாதாரண வீடு. வரலாறு எதுவும் கிடையாது. கதவின் சின்ன வளையத்தைத் தட்டுங்கள். என் அம்மா வருவார். மெதுவாகத்தான் வருவார். மறுபடி தட்டாதீர்கள், காத்திருங்கள். வந்ததும் அரபு தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி திட்டுவார். பயப்படாதீர்கள். தனியாக இருக்கிறார். யாராவது அவ்வப்போது தட்டினால் நல்லது.'

தனியாக இருக்கிறார். கடைசி வரி வரை படித்துவிட்டு அவள் அந்த இடத்துக்கே திரும்பினாள். அவன் இதை எழுதும்போது அடுத்த அறையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தானே. மூன்று வேளையும் அவள் கையால் தின்றுகொண்டிருந்தானே. அப்போதே போவதென்று முடிவு செய்துவிட்டான். போகிற பிள்ளை, தனக்குப் பதிலாகத் தட்ட ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வந்தவர்களையெல்லாம் அவள் விரட்டி விரட்டித் திட்டினாள். கடைசியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். பாவி, பாவி என்று தொடையில் அடித்துக்கொண்டாள்.

கைபேசியில் சிஹெமைக் கூப்பிட்டாள். "அந்த ஒன்பதாம் நம்பரைத் திரும்பப் போடும்மா."

"கால்த்தி, ஐயாயிரம் அடிச்சாச்சு. ஹோட்டலுக்கெல்லாம் மத்தியானமே அனுப்பிட்டோம். அடுத்த பதிப்புல போடுறோம்."

"எப்ப வரும் அது?"

"நாலஞ்சு வருஷம் ஆகும் கால்த்தி. அழுறீங்களா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

சந்துக்குள் திரும்பியபோது பிற்பகல் தொழுகைக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் ஒருவருமில்லை. சாவி பைக்குள் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மடக்கிக் குனிந்து, சின்ன வளையத்தை மூன்று தடவை தட்டினாள்.

சத்தம் முற்றத்தைக் கடந்து சமையலறை வரைக்கும் போனது. உள்ளேயிருந்து கேட்டால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் வரவில்லை. கை மறுபடி வளையத்துக்குப் போயிற்று. தட்டாதீர்கள் என்று எழுதியிருந்தான். கையை எடுத்துக்கொண்டாள். தாளை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, அவன் சொன்னபடி, காத்திருந்தாள்.