பாடு கேட்ட டிவி

அன்றைக்கு ஏரியில் எங்கள் பாடு. இறால் படும் இடத்தில் எந்தக் கூட்டம் எப்போது வலை கட்டுவது என்று குப்பத்தில் முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஏரி நீர் கடல் பக்கம் திரும்பும்போது கூட்டாளிகள் அத்தனை பேரும் கரையில் நிற்க வேண்டும். ஒருத்தன் குறைந்தாலும் பாடு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

நானோ வீட்டு ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மகன் ஜோயல், சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியை வாங்கி மாட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டான். போட்டதும் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. பேர் என்ன, வீடு எங்கே, அனுமதி உண்டா. என் வீட்டுக்குள் வந்த பொருள் என்னை எதற்கு விசாரிக்க வேண்டும்? மருமகள் அனிதா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கினாள். பிறகு, ஏதோ இறங்குகிறது, முடிகிறவரை அணைக்காதே என்றது. நெட் என் போனிலிருந்து. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால்தான் எங்களுக்கு டவர். அதுவும் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஆந்திரா டவர்.

"மாமா, கைய இறக்காதீங்க. சுத்துறது நின்னுப்போச்சு பாருங்க."

"தண்ணி திரும்பப் போவுதும்மா. சாம்சன் போன் பண்ணுவான்."

"போன் வந்தா நெட்டு கட்டாவும். பாதியில நின்னா டிவியே செத்துடும்னு உங்க புள்ள சொல்லிக்கீறாரு. சாம்சன் அண்ணன வூட்டாண்ட வந்து கூப்புடச் சொல்லிட்டேன்."

கை வெளியே, நான் உள்ளே. தெருவில் போன கோமளா நின்று பார்த்தாள்.

"இன்னா பெரிப்பா, பஸ்ஸ நிறுத்துறியா?"

"போடி, வேலயப் பாத்துக்கினு."

தோள் மரத்துப் போனது. ஒரு வழியாக டிவி, டவர் ஆந்திரா என்பதாலோ என்னவோ, தெலுங்கில் ஏதோ சொல்லி வரவேற்றது. ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் கேட்டதைப் போடுமாம். அதற்கும் நெட் வேண்டுமாம், கையை இறக்க முடியவில்லை. அனிதா அமுக்கினாள்.

அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே கூட்டாளி சாம்சன் வந்து கத்தினான். "அண்ணே! பாடு! பாடு!"

"பாடா? தண்ணி திரும்பிடுச்சாடா?" என்று நானும் கத்தினேன்.

டிவி கேட்டுக்கொண்டது. தெலுங்கிலும் பாடு என்றால் பாடுவதுதானே. வீடு அதிர ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டது.

"நிறுத்தும்மா!"

"நிக்க மாட்டேங்குது மாமா!"

"சாம்சன்! இருடா, வந்துட்டேன்!"

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரு என்று நான் ஆட்டிய கையைப் போ என்று எடுத்துக்கொண்டான். போய்விட்டான்.

டிவி எப்படியோ போகட்டும் என்று போனை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் அடுத்த கூட்டத்துக்காரர்கள் எங்கள் இடத்தில் கழி ஊன்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வலையைத் திரும்பச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாம்சன் மட்டும் கேட்டான்.

"வூட்ல டான்ஸு முடிஞ்சுதா அண்ணே?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஜோயல்.

"நைனா, டிவி எப்டிக்கீது? நல்லா பாடுதா?"

"பாடுது. எங்க பாட்டையும் சேத்து அதே பாடிடுச்சு."

"ஒண்ணும் கேக்கல நைனா. டவர் இல்ல போல. கைய கொஞ்சம் மேல தூக்கு."

தூக்கினேன்.