அனு குடுத்த மாத்திரை

ஐஸ் பெட்டி வாசலில் மாட்டிக்கொண்டது. இரும்பு கேட்டின் ஒரு கதவு எப்போதும் தாழ்போட்டே இருக்கும். தாழ் துருவேறி இறுகியிருந்தது. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் "யாராவது தொறங்கப்பா, கை வுட்டுப்போவுது" என்று கத்த, அனுப்பிரியா ஓடிப்போய்க் குனிந்து இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. வெறுங்காலால் கேட்டை ஓர் உதை உதைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். வந்தது. விரலில் தோல் உரிந்து எரிந்தது.

"இந்த வேகத்த ஆஸ்பத்திரில காட்டியிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பாரு" என்றாள் ரேணுகாம்பாள், ஷாமியானாவுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

செத்துப்போனவர் சம்பந்தம், அனுவின் மாமனார். சிட்லபாக்கம் ஏரிக்குக் கீழே ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். நிலம் மனையாகி, மனை வீடாகி, இப்போது வாடகையிலும் மகன் சிவகுமாரின் சிமெண்ட் கடையிலும் ஓடுகிற குடும்பம். ரேணுகாம்பாள் சம்பந்தத்தின் தங்கை. விடிந்ததும் ஊரப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை.

"மருந்து படிச்ச மருமவ வூட்டுக்குள்ளயே கீறா. இன்னா பிரயோஜனம்? கை நெறைய மாத்திர போட்டுக்கினு எங்கண்ணன் ஜம்முனு இருந்தாரு. இது வேணாம், அது வேணாம்னு ஒண்ணொண்ணா நிறுத்தி, மனுசன பொட்டில படுக்க வெச்சிட்டா."

கூடியிருந்தவர்கள் அனுவைப் பார்த்தார்கள். அனு தன் கணவனைப் பார்த்தாள். சிவகுமார் பெட்டியின் ஒயரைச் செருக பிளக் பாயிண்ட் தேடிக்கொண்டிருந்தான். அத்தை பேசியது அவன் காதில் விழாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அனு சேலையூரில் ஒரு குடும்ப கிளினிக்கில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். அதற்கென்று ஆறு வருடம் படித்தவள். தெருவில் யாராவது கேட்டால் மட்டும் "மெடிக்கல் ஷாப்புல வேல செய்யுது" என்று வீட்டில் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அவள் மருந்து விற்பதில்லை. டாக்டர் ரத்தினபாயின் அறைக்கு அடுத்த அறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். சர்க்கரைக்கு ஓரிடம், பிரஷருக்கு ஓரிடம், நெஞ்சு வலிக்கு இன்னோர் இடம் என்று அலைகிற வயசாளிகள் முதலில் அவளிடம்தான் வரவேண்டும் என்பது அந்த டாக்டர் போட்ட சட்டம். வந்தவர்கள் மஞ்சப்பையை மேஜையில் கவிழ்ப்பார்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் கிடக்கும். ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று கெடுத்துக்கொண்டிருக்கும். எதைக் குறைக்கலாம், எதை விடலாம் என்று அவள் டாக்டரோடு பேசி முடிவு செய்வாள். பையைத் திருப்பிக் கட்டுமுன் ஒன்று கேட்பாள்: "வேற யாராவது குடுத்து எதுனா போடுறீங்களா?" அப்போதுதான் உண்மையெல்லாம் வரும். சம்பந்தி கொடுத்த லேகியம், ரயிலில் யாரோ கொடுத்த பொடி, மகளுடைய தூக்க மாத்திரை. முன்பின் தெரியாத மனிதர்கள் அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

சம்பந்தமும் ஒருநாள் அங்கே வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், டோக்கன் வாங்கி, வரிசையில் காத்திருந்து. எதிரில் வந்து அமர்ந்தபோது அனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மாமா, வீட்லயே கேட்டிருக்கலாமே?"

"வூட்ல நீ மருமவ. நீ சொல்லி நான் கேட்டா நல்லாவா கீது? இங்க நீ மேடம். சொல்லு மேடம்."

இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட்டாக வேண்டும். அதன்மேல் மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அனு அந்த அட்டையைத் தனியே ஒதுக்கினாள்.

"இது மட்டும் கூடவே கூடாது மாமா. ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். வெளிய தெரியாது. தெரியும்போது கை மீறிடும்."

அவர் அதை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "மேடம் சொல்லியாச்சி. அவ்ளோதான்."

பிறகு வலியோடுதான் இருந்தார். வெந்நீர் ஒத்தடம், தைலம், அனு சொல்லிக் கொடுத்த கால் பயிற்சி. ராத்திரியில் முனகுவார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போவார். ஆனால் போன மாதம் திடீரென்று நடை சரியானது. ஏரிக்கரை வரைக்கும் போய்ப் பழைய கூட்டாளிகளோடு அரட்டை அடித்துவிட்டு வந்தார். பயிற்சி பலித்துவிட்டது என்று அனு டாக்டர் ரத்தினபாயிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

நேற்று காலை பாத்ரூமில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, மாத்திரை அளவு சரியாக இருந்தது. எங்கே தவறியது என்று அனுவுக்குப் பிடிபடவே இல்லை.

குளிப்பாட்டிக் கட்டப் புது வேட்டி கேட்டார்கள். அனு உள்ளறையில் பீரோவைத் திறந்தபோது மாமியார் கங்கையம்மாள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"ரேணுகா பேசுறத மனசுல வெச்சிக்காதம்மா. அவ வாய் எப்பவும் அப்டித்தான். நீ இன்னா கொற வெச்ச? நீ குடுத்தனுப்பின மூட்டு மாத்திரதான் கடைசில அவர எழுந்து நடக்க வெச்சிது. 'எம் மருமவ குடுத்தது'ன்னு ஏரிக்கரைல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாராம்."

அனுவின் கை வேட்டி மடிப்பின்மேல் அப்படியே நின்றது.

"எந்த மாத்திர அத்த?"

"அதான், சிவா கொணாந்து குடுப்பானே, ராவு சோறு துன்னதும். மொதல்ல வேணான்னுட்டாரு. மேடம் திட்டும்டா, கொண்டுபோன்னாரு. அனுதாம்பா குடுத்துச்சி, இது வேற மாத்திரன்னு இவன் சொன்னப்புறந்தான் வாயில போட்டாரு. நடுவுல வயிறு எரியுதுன்னு ஒரு நா வேணான்னாரு. நான்தான், படிச்ச பொண்ணு தெரியாமயா குடுக்கும், பேசாம போடுன்னு தண்ணி மொண்டு குடுத்தேன்."

கங்கையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனாள். அனுவுக்கு ஆஸ்பத்திரி கண்முன் வந்தது. அவசரப் பிரிவில் அந்த டியூட்டி டாக்டர் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது எடுத்தாரா?" அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்ல டாக்டர். நானே நிறுத்திட்டேன். எனக்குத் தெரியும்." சிவகுமார் அவள் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

அவள் வேட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரிடமோ அதைக் கொடுத்தாள். ஷாமியானா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த சிவகுமாரிடம் போய், "மாடிக்கு வாங்க" என்றாள்.

"இப்ப எப்டி அனு, பூ வண்டி வந்து நிக்குது..."

"வாங்க."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார்கள். கீழே பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. அதனால் அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

"மாமாவுக்கு என்ன குடுத்தீங்க?"

அவன் முகம் வெளிறியது.

"கேக்குறேன்ல? என்ன குடுத்தீங்க?"

"விக்கியோட மருந்துக் கடைல... அவர் முன்ன போட்ட அதே வலி மாத்திரதான். ராத்திரில அவர் அழுவறது உனக்குக் கேக்காது அனு. நீ தூங்கிடுவ. பாத்ரூம் போறதுக்குத் தவழ்ந்து போனாரு ஒரு நாள். எங்கப்பா. என்னால பாக்க முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. வேற வழி இருக்கு, வேற மருந்து இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போட வெச்சிருப்பேன்."

"நீ வேணாம்னுதான சொல்லுவ எப்பவும்?"

"சரி. குடுத்தீங்க. டாக்டர் கேட்டாருல்ல? நான் இல்லேன்னேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க? அப்ப வாயத் தொறந்திருந்தா வேற மாதிரி பாத்திருப்பாங்க. உசிரு நின்னிருக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாது. ஆனா நீங்க நின்னீங்க. செருப்பைப் புடிச்சிக்கினு நின்னீங்க."

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "உனக்குத்தான்."

அவனை அறைந்துவிடுவோம் என்று தோன்றி, கையைத் தொட்டிச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"உன் பேரைச் சொன்னாத்தான் போட்டுக்குவாரு. நான் குடுத்தா போட மாட்டாரு."

சொல்லிவிட்டு அவன் அழுதான். அவள் அழுகிறவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாத அனு" என்றான் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "காரியம் முடியட்டும். உன் கால்ல வேணா விழறேன்."

"கீழ உங்க அத்த என்னைக் கொலகாரின்றாங்க."

"நான் பாத்துக்கறேன். நான் சொல்றேன் அவங்ககிட்ட."

இறங்கி வந்தார்கள். குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி இட்டு, மாலை போட்டு, வாய்க்கரிசி போடும்போது ரேணுகாம்பாள் அண்ணன் முகத்தைத் தடவி ஓலமிட்டாள். "இருந்தத நிறுத்திட்டு வேற மாத்திரைய குடுத்தே கொன்னுட்டாளே! போன மாசம் என்கிட்ட காட்டினியே அண்ணா, எம் மருமவ குடுத்ததுன்னு! அத துன்னு துன்னுதான வயிறு வெந்து போன!"

பறைகூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. அத்தனை பேருக்கும் கேட்டது. சிவகுமார் தீச்சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தான். அனு அவன் வாயையே பார்த்தாள். அவன் உதடு பிரிந்தது. "தூக்குங்கப்பா, நேரமாவுது" என்றான்.

தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். அவர் தலை இருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கீதா காபி போட்டுக்கொண்டு வந்தாள். அனுவிடம் தம்ளரை நீட்டும்போது கண்ணைப் பார்க்கவில்லை. ரேணுகாம்பாள் காபியைக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அமைதியான குரலில் ஆரம்பித்தாள். அந்த அமைதிதான் அனுவை அதிகம் சுட்டது.

"அண்ணி, நான் சொல்றேன்னு கோச்சிக்காத. இவ ஒரு வூட்லயும் கைவெச்சி மருந்து குடுக்கக் கூடாது. அந்தக் கிளினிக்குல போயி நானே சொல்லப்போறேன். எத்தினி கெழவன் கெழவி அங்க போறாங்க."

அனு தம்ளரைக் கீழே வைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் மொண்டு கொடுத்த கை கங்கையம்மாளுடையது. அந்தக் கை இனிமேல் எதை மொண்டாலும் நடுங்கும். இதுவரை அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மேஜையில் அட்டையை விட்டுவிட்டு எழுந்துபோன அந்த மனிதர் அவளை நம்பித்தான் விழுங்கினார்.

"நான் குடுக்கல அத்த" என்றாள் மாமியாரைப் பார்த்து.

கூடம் திரும்பியது. கங்கையம்மாள் நிமிர்ந்தாள்.

"அந்த மாத்திரைய நான் குடுக்கல. கண்ணால பாக்கக்கூட இல்ல. பாத்திருந்தா ஒண்ணுகூட உள்ள போக விட்டிருக்க மாட்டேன்."

"பொய் சொல்றா பாரு, எங்கண்ணனே..." என்று ரேணுகாம்பாள் எழப்போனாள்.

"நீ சும்மா இருடி" என்றாள் கங்கையம்மாள்.

யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள். பிறகு நகர்ந்து வந்து அனுவை ஒட்டி உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. அனு கையை எடுக்கவில்லை.

வெயில் ஏறியபின் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் தெருமுனைக் கடையில் நின்றுவிட, சிவகுமார் மட்டும் ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தான். மொட்டைத் தலை. மீசையில்லாத முகம் யாருடையதோ போலிருந்தது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் பார்க்க வேண்டும். படியோரம் பித்தளைச் சொம்பில் தண்ணீர் இருந்தது.

"யாராவது தண்ணி ஊத்துங்கடி, புள்ள நிக்கிறான்ல" என்றாள் ரேணுகாம்பாள்.

பழக்கத்தில் அனுவின் உடம்பு எழப் பார்த்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை அவளைக் கீழே இறுக்கியது. கங்கையம்மாள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா" என்றான் சிவகுமார்.

வேட்டியிலிருந்து சொட்டிய நீர் படியில் பரவியது. கீதா எழுந்து, பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்துகொண்டாள். அவன் குனிந்து சொம்பை எடுத்து, தன் காலுக்குத் தானே ஊற்றிக்கொண்டான்.